இரண்டு பேர் இறுக்கிய நட்டு

காரின் பின்சில்லில் ஓர் இரைச்சல் இருந்தது. ஊரைக் கூட்டுகிற இரைச்சல் ஒன்றுமில்லை. உள்ளே இருந்து கதைத்துக்கொண்டு போனால் கேட்காது, பாட்டைப் போட்டுவிட்டால் அறவே கேட்காது. அசனாவுக்கு மட்டும் கேட்டது. குசினியில் மீன் பொரித்துக்கொண்டு நின்றாலும், அந்திக்கு ஜமாலியா ஒழுங்கைக்குள் கார் திரும்பும்போதே அவளுக்குக் கேட்டுவிடும். வயிற்று வலிக்காரன் முனகுவது போல ஒரு முனகல். அதைக் கேட்ட பிறகு அவளால் ஓரிடத்தில் நிற்க முடியாது.

அது ஒரு பழைய யப்பான் கார், சன்னி. அசனாவை விட வயதில் மூத்தது. நம்பர் தகட்டில் இன்னும் அந்தக் காலத்து ஸ்ரீ எழுத்து இருக்கிறது. அவளுடைய வாப்பா அபூதாஹிர் துறைமுகத்தில் லொறி ஓடிய காலத்தில் வாங்கிய கார். வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்த வருடங்களில் இந்த மாதிரிக் கார்களுக்குத் திடீரென்று மவுசு வந்தது. அதுவரைக்கும் கோழி அடைகாத்த கார்களையெல்லாம் ஆட்கள் கழுவித் துடைத்து றோட்டில் இறக்கினார்கள். அபூதாஹிரின் காரில் கோழி ஏறியதில்லை. அதை அவர் பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்தார் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகிவிடும். பெற்ற பிள்ளைக்கு அவர் ஒருநாளும் எண்ணெய் வைத்துவிட்டதில்லை.

அந்தக் காரை இப்போது ஓட்டுகிறவன் அசனாவின் புருசன் இன்பாஸ். மூதூர்ப் பிள்ளை. இந்தப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வர வேண்டும். அவனும் வந்தான். குச்சவெளியில் மீனுக்கு ஐஸ் செய்கிற ஓர் ஆலையில் மேற்பார்வையாளர் வேலை. காலையில் கடற்கரை றோட்டால் வடக்கே போய் அந்திக்குத் திரும்புவான். வந்து வருடமொன்றாகியும் அந்த வீட்டில் கதிரையின் நுனியில்தான் இருந்தான். தண்ணீர் குடிக்கக் குசினிப் பக்கம் போனால் மாமி றஹ்மா, "ஐயோ மருமகன், நீங்க ஏன்?" என்று பதறிக்கொண்டு வந்து கோப்பையைக் கையில் கொடுத்துவிடுவார். பல்பு எரிந்துபோனால் அவன் எழும்பும் முன்பே மாமா ஏணியில் நிற்பார். மரியாதைக்கு அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. மரியாதையால் ஒருவனுக்கு மூச்சு முட்டுமென்றால், இன்பாஸுக்கு முட்டியது.

மாமனும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதும் இல்லை. கோபதாபம் ஒன்றுமில்லை, அதுவும் மரியாதைதான். ஸலாம் சொல்லிக்கொள்வார்கள். மற்றதெல்லாம் அசனாவின் வழியாகப் போய் அசனாவின் வழியாக வரும்.

"மகள், மாப்பிள்ளைக்கு இறைச்சி இன்னும் கொஞ்சம் வேணுமா எண்டு கேளு" என்பார் அபூதாஹிர். மாப்பிள்ளை அதே மேசையில்தான் இருப்பான்.

"காணும் எண்டு மாமாட்டச் சொல்லு" என்பான் அவன்.

அசனா சொல்லுவாள். கேட்ட காதுக்கே திரும்பவும் சொல்லுவாள். அவளுடைய சோறு கோப்பையில் ஆறிப்போய்க் கிடக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு இன்பாஸ் ஒரு கதையைத் தொடங்கினான். அறைக்குள் வைத்து, குரலைத் தாழ்த்தி. அந்த வீட்டில் அவன் குரலைத் தாழ்த்தாமல் கதைத்ததே இல்லை.

"ஆலைக்குப் பின்னால ஒரு அறை சும்மா கிடக்கு. வேணுமெண்டா இருங்க எண்டு சொல்றாங்க. கிழமை நாளையில அங்க தங்கினா நல்லம் போல. கார் பழசு. எந்த இடத்துல மல்லாந்து படுக்குமோ தெரியாது."

அசனாவுக்குத் தெரிந்து இப்படித் தொடங்கின கதைகள் ஒழுங்கையில் இரண்டொன்று இருந்தன. முதலில் மாப்பிள்ளைமார் கிழமை நாட்கள் மட்டும் வெளியில் தங்குவார்கள். பிறகு சனி ஞாயிறுக்கும் ஏதாவது வேலை வந்துவிடும். கடைசியில் ஒரு போன் மட்டும் வரும், அதுவும் அவசரமாக. ஒழுங்கை என்ன கதைக்கும் என்பது ஒரு பக்கம் கிடக்கட்டும். அவளுக்கு இன்பாஸ் வேண்டும். அந்திக்கு அவன் வந்து, மீன் மணக்கிற சேர்ட்டைக் கழற்றிக் கதிரையில் போட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

"கார் சரியா ஓடினா ஒவ்வொரு நாளும் வரலாம்தானே?" என்றாள்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஓடினா வரலாம்" என்றான்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள் அசனா. பிழை காரில்தான், காரைச் சரிப்படுத்திவிட்டால் புருசன் வீட்டில் இருப்பான் என்று அவளாகவே முடிவு கட்டினாள். அன்றைக்கு அந்தியில்தான் அந்த இரைச்சல் முதன்முதலாக அவள் காதில் விழுந்தது. அதற்கு முதலும் இருந்திருக்கலாம்.

"வாப்பா, பின்சில்லு இரையுது" என்று போய்ச் சொன்னாள்.

அபூதாஹிருக்கு அது பெருநாள் செய்தி. அடுத்த நாள் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு காரை ஜக்கில் தூக்கினார். சில்லைக் கழற்றி, ஹப்பைக் கழற்றி, உள்ளே இருந்த பெயாரிங்கை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவினார். உள்ளங்கையில் கிறீஸை அள்ளி வைத்துப் பெயாரிங்கை அதில் அழுத்தி அழுத்தி, ஒவ்வோர் உருளைக்கும் இடையில் கிறீஸ் ஏறும் வரைக்கும் விடவில்லை. திரும்பப் பூட்டும்போது சில்லைக் கையால் சுற்றிச் சுற்றி நட்டை இறுக்கினார். பிறகு அதே நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, நட்டு கழராமல் குறுக்கே கம்பிப் பின்னைச் செருகி, பின்னின் இரண்டு காலையும் மடக்கி, மூடியைத் தட்டி விட்டார். அச்சொட்டாகச் செய்யப்பட்ட வேலை. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

இரைச்சல் போகவில்லை. கொஞ்சம் குறைந்தது, ஆனால் இருந்தது. பெயாரிங்கே தேய்ந்துபோயிருந்தது. புதிது போட்டிருக்கலாம். "இது யப்பான்ல இருந்து வந்த இரும்பு, இப்ப விக்கிறதெல்லாம் தகரம்" என்று அபூதாஹிர் அதைக் காதிலேயே எடுக்கவில்லை.

அசனா இன்பாஸிடம் போனாள். "வாப்பா செய்தும் சத்தம் போகல்ல."

"நான் பாக்கிறன். நட்டு லூசா இரிக்கும்" என்றான் அவன். உடனே குரல் தாழ்ந்தது. "மாமாக்குச் சொல்லிராத. அவர்ட வேலயில நான் பிழ பிடிச்ச மாதிரி ஆயிரும்."

அன்று அந்திக்கு மாமா மஹ்ரிப் தொழப் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து மூடியைத் திறந்து நட்டை இறுக்கினான். அந்த வீட்டில் ஸ்பேனர், ஆயுதம் என்று அவன் தொட்டது அதுதான் முதல் தடவை. முகம் கழுவிக்கொண்டு வந்தவனைப் பார்க்க அசனாவுக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவு உற்சாகம் அந்த முகத்தில்.

பிறகு வாப்பாவின் முறை. "இன்னும் இரையுதா? அப்ப நான் கூடத் தளத்திட்டன் போல. மாப்பிள்ளைக்குச் சொல்லாத மகள், இந்த மனிசனுக்கு வயசு போயிட்டு எண்டு நினைப்பார்." சுபஹுக்கு முதல் எழும்பி ஓர் இறுக்கு. இரண்டு நாள் கழித்து மஹ்ரிப் நேரம் மருமகன் ஓர் இறுக்கு. கழற்றிய பின்னைத் திரும்பப் போடக்கூடாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். புதுப் பின் வாங்க இரண்டு பேரும் அனுப்பியது அசனாவைத்தான். புதுப் பின் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அவரவர் தான் போட்டது அப்படியே இருக்கிறது என்று நம்பிக்கொண்டார்கள்.

அசனாவுக்கு இதில் ஒரு பெருமையும் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. இரண்டு பக்கத்து இரகசியத்தையும் ஒரு வாயில் பூட்டி வைத்திருக்கிற கெட்டிக்காரி தான் என்று நினைத்தாள். ஒரு நட்டை ஆளுக்கு ஆள் இறுக்கினால் இரட்டிப்பு நன்மைதானே என்றும் நினைத்தாள்.

கச்சான் காற்று அறைந்து வீசிய ஒரு காலையில் இன்பாஸ் புறப்பட்டுப் போனான். முதல்நாள் அந்திக்கு அவனும் இறுக்கியிருந்தான், அன்று விடிய முதல் வாப்பாவும் இறுக்கியிருந்தார். அசனா வாசலில் நின்று காது கொடுத்தாள். கார் ஒழுங்கையால் போனது. இரைச்சல் இல்லை. முனைவரைக்கும் கேட்டுப் பார்த்தாள், சுத்தமாக இல்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டே சொன்னாள். உம்மா உள்ளேயிருந்து என்னவென்று கேட்டதற்கு, "ஒண்டுமில்ல, காத்து" என்று சிரித்தாள்.

அன்றைக்கு அவளுக்குக் கால் நிலத்தில் படவில்லை. சாமான் வாங்க ரவுண் கடைத்தெருவுக்குப் போனவள், அனுராதபுரச் சந்திக்குப் பக்கத்தில் சிவகுருநாதனின் உதிரிப்பாகக் கடைக்கும் போனாள். இனி யாரும் கேட்டால் கையில் இருக்கட்டும் என்று பின் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைக்க நினைத்தாள். சிவகுருநாதன் அப்போதுதான் கடையைத் திறந்து தேத்தண்ணியோடு இருந்தார். கொஞ்சம் வம்புப் பேர்வழி, வாய் சும்மா இராது.

"திரும்பவும் பின்னா பிள்ளை? என்ன, வாப்பா பின்னைச் சுண்டிச் சாப்பிடுறாரோ?"

அசனா சிரித்தாள். சந்தோசமாக இருக்கிறவளுக்கு வாயில் பூட்டு நிற்காது. வாப்பா இறுக்கியது, இவர் இறுக்கியது, ஒருவருக்கொருவர் சொல்லாமல் இறுக்கியது எல்லாவற்றையும் ஒரு பகிடி மாதிரிச் சொன்னாள். "இண்டைக்குத்தான் சத்தம் முழுசா நிண்டிச்சு அண்ணன்" என்றும் சொன்னாள்.

சிவகுருநாதன் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். 

"நிண்டிட்டுதா?"

"ஓம்."

"மொத்தம் எத்தினை தரம் இறுக்கினவை? தளர்த்தினது ஆர்?"

"தளத்தவா? இரையிறதுக்குத்தானே இறுக்கினது."

"பிள்ளை, பெயாரிங் எண்டது உருளோணும். உருளுறதுக்கு மயிரிழை இடம் விடோணும். நீங்கள் சொல்லுறதைப் பாத்தா அதுக்கு மூச்சுவிட இடமில்லை. சூடேறும். கிறீஸ் உருகி ஓடும். பிறகு ஓடுற ஓட்டத்தில சில்லு இறுகிப் பிடிக்கும்." பிடித்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. "ஆள் எங்க இப்ப?"

"குச்சவெளி றோட்டில."

"போனைப் போடும்."

அசனா போட்டாள். மணி போனது, எடுக்கவில்லை. திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை. கடை வாசலில் நின்று போட்டாள், றோட்டைக் கடந்து போட்டாள், பஸ் நிலையத்துப் பக்கம் நடந்துகொண்டே போட்டாள். ஆலைக்குப் போட்டபோது காவல்காரர், "இன்பாஸ் சேர் இன்னும் வரல்லயே, இந்நேரத்துக்கு வந்திருப்பார்" என்றார். வாங்கிய மரக்கறிப் பையை எங்கே வைத்தாள் என்று அவளுக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

வீட்டுக்கு ஓடிவந்தபோது அபூதாஹிர் முற்றத்தில் பேப்பரோடு இருந்தார்.

"வாப்பா, நீங்க எத்தின தரம் இறுக்கின?"

"மெல்லக் கதை. மாப்பிள்ளைக்குத் தெரிய…"

"மாப்பிள்ளையும் இறுக்கினவர் வாப்பா! நீங்க காலைல இறுக்க அவர் அந்திக்கு இறுக்கினவர். ரெண்டு பேரும் என்னட்டச் சொல்லாத எண்டு சொன்னீங்க, நானும் சொல்லல்ல. இப்ப அவர் போன் எடுக்கிறார் இல்ல. ஆலைக்கும் போகல்ல."

அபூதாஹிர் லொறிக்காரர். அவருக்குச் சிவகுருநாதனின் விளக்கம் தேவைப்படவில்லை. கையிலிருந்த பேப்பர் காற்றில் பறந்து முற்றம் முழுக்கப் பரவியது, அவர் அதைப் பார்க்கவுமில்லை. ஆயுதப் பையைத் தூக்கிக்கொண்டு சாரத்தோடே வெளியே வந்து, பக்கத்து வீட்டு முனீபை ஓட்டோவை எடுக்கச் சொல்லிக் கத்தினார்.

ஓட்டோ வடக்கே ஓடியது. உப்புவெளி தாண்டியது. ஹோட்டல் பலகைகள் போயின, நிலாவெளி வெங்காயத் தோட்டங்கள் போயின. காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. முன்னால் ஆட்கள் கூடி நின்றால் அசனாவுக்கு உயிர் போய் வந்தது. ஒரு கூட்டம் இளநீர்க் கடையாக இருந்தது, இன்னொரு கூட்டம் பஸ்ஸுக்கு நின்றது. எதிரே ஓர் அம்புலன்ஸ் வந்தது. அது கடந்து போகும்போது அவள் எட்டி அதன் கண்ணாடிக்குள் பார்த்தாள். போனை அடித்துக்கொண்டே இருந்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. முனீப் வேகமாகப் போனால் மெதுவாகப் போகச் சொன்னாள், மெதுவாகப் போனால் வேகமாகப் போகச் சொன்னாள். அந்த மனிசனும் இரண்டையும் செய்தார்.

"நான் பூட்டேக்க நட்டு ஏற்கனவே முறுக்கமாத்தான் இரிந்திச்சு" என்றார் அபூதாஹிர், யாரிடமோ சொல்வது போல. "நான் பூட்டினதுதானே எண்டு நினைச்சன். நாப்பது வருசம் சில்லுப் பூட்டின எனக்கு…" சாரத்தின் நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க அசனாவுக்குப் பாவமாகவும் இருந்தது, அவர் மேல் கோபமாகவும் இருந்தது.

இறக்கக்கண்டிப் பாலம் கடந்து கொஞ்சத் தூரத்தில் கார் நின்றது. றோட்டை விட்டு ஒருபக்கமாய் இறங்கி, பின்சில்லு மணலில் உழுத கோடு தெரிய நின்றது. சில்லிலிருந்து புகை வந்தது. பக்கத்தில் இன்பாஸ் நின்றான். இரண்டு காலில், முழு உடம்போடு.

அசனா ஓட்டோ நிற்க முதலே குதித்தாள். அவனுடைய வலது கை விரல்கள் வெந்து சிவந்திருந்தன. ஹப் சூடா என்று தொட்டுப் பார்த்திருக்கிறான். அவள் போத்தல் தண்ணீரை அந்தக் கையில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, "ஏன் போன் எடுக்கல்ல? ஏன் போன் எடுக்கல்ல?" என்று கேட்டாள். அவன் அவளுக்குப் பின்னால் பார்த்தான். மாமா வந்துகொண்டிருந்தார். இன்பாஸ் உடனே நிமிர்ந்து, வெந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. நீங்க ஏன் இந்த வெயிலுக்க…"

"வஅலைக்கும் ஸலாம்." அபூதாஹிர் சில்லைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "மகள், மாப்பிள்ளைட்டக் கேளு, எந்த இடத்துல பிடிக்கத் தொடங்கின எண்டு."

"நிலாவெளியிலேயே ஒரு மணம் வந்திச்சு, நிப்பாட்டி ஆற விட்டு ஆற விட்டு வந்தன் எண்டு மாமாட்டச் சொல்லு அசனா. என்ட பிழதான் எண்டும் சொல்லு."

"இல்ல, என்ட பிழ எண்டு சொல்லு மகள்."

"மாமாவில ஒரு பிழையுமில்ல எண்டு…"

"சொல்ல மாட்டன்" என்றாள் அசனா.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஒரு வருசமா சொன்னது காணும். ரெண்டு பேருக்கும் அல்லாஹ் வாயத் தந்திரிக்கான். எனக்கு ஏலாது."

முகத்தைத் திருப்பிக்கொண்டு காருக்குள் போய் இருக்கலாம் என்று பின்கதவைத் திறந்தாள். சீற்றில் இடமில்லை. ஒரு பெரிய துணிப்பை வாய் கட்டி வைத்திருந்தது. மேலே அவனுடைய போர்வை மடித்துக் கிடந்தது. சவரச் சாமான் கூட ஒரு சின்னப் பையில் இருந்தது. அதன் பக்கத்தில் போன். அவள் போட்ட அழைப்புகள் எல்லாம் திரையில் வரிசையாக நின்றன.

அவளுக்கு விளங்கியது. பிழை காரில் இருந்ததில்லை. இரைந்தாலும் இரையாவிட்டாலும் அவன் போகத்தான் இருந்தான். இந்த ஒரு மாதமாக அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது வேண்டாத சத்தத்தை.

"இண்டைக்கேவா?" என்றாள். "நான் காலைல சிரிச்சுக்கொண்டு அனுப்பினன். நீங்களும் சிரிச்சீங்க."

"உன்ட நம்பர் வரவர எனக்கு எடுக்கப் பயம்" என்றான் இன்பாஸ். தலை குனிந்திருந்தது. "என்ன சொல்ற எண்டு தெரியல்ல."

அபூதாஹிர் எட்டிப் பையைப் பார்த்தார். றோட்டால் மீன் ஏற்றிய கூலர் லொறி ஒன்று இரைந்துகொண்டு போனது. இன்பாஸ் சில்லுப் பக்கம் குனிந்து, ஏதாவது செய்ய வேண்டுமே என்பதற்காக, ஹப் மூடியில் கையை வைக்கப் போனான்.

"கைய எடடா!"

அந்தச் சத்தத்தில் முனீப் ஓட்டோவுக்குள் திடுக்கிட்டு எழும்பினார்.

"விசரா உனக்கு? ஒருக்காச் சுட்டது காணாதா? கொதிக்கிற இரும்பில கைய வெக்கிறான்! கை போனா ஆர்டா தாற?"

இன்பாஸுக்கும் எங்கிருந்தோ குரல் வந்துவிட்டது.

"சூட்டோட கழட்டாட்டி ஆறி ஒட்டிப் பிடிச்சிரும் மாமா!"

"ஆர் சொன்ன? நான் லொறிச் சில்லுக் கழட்டேக்க நீ புறக்கவுமில்ல."

"அதுதான் லொறிக்கு இறுக்கின மாதிரி இதையும் இறுக்கி வெச்சிரிக்கீங்க!"

"நான் மட்டுமா இறுக்கின? நான் பள்ளிக்குப் போன நேரம் பாத்து நீ கள்ளன் மாதிரி…"

"உங்களுக்குப் பயந்துதான் கள்ளன் மாதிரி இறுக்கினன். நேர சொன்னா என்ன நினைப்பீங்களோ எண்டு. அந்த வீட்டுல என்ன ஒரு ஆணி அடிக்க உட்டிங்களா? ஒரு பல்பு மாத்த உட்டிங்களா? தண்ணி குடிக்கவும் உங்கட வீட்டுல நான் விருந்தாளி!"

"கேட்டியாடா நீ? ஒரு நாளாவது கேட்டியா, மாமா அந்தச் சுத்தியலத் தாங்க எண்டு?"

"நீங்க கேட்டீங்களா, ஏன்டா கதிரை நுனியில இரிக்காய் எண்டு?"

"அதுக்காக மூட்டையக் கட்டிக்கொண்டு போறதா? சொல்லாமக் கொள்ளாம? என்ட புள்ள வாசல்ல நிண்டு வழி பாத்துக்கொண்டிருக்க?"

"அது பிழதான்" என்றான் இன்பாஸ். பிறகு அசனாவைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பிழதான்" என்றான். அவன் தாழ்த்தாத குரலில் அவளோடு பேசிய முதல் வார்த்தை அது.

மோட்டார்சைக்கிளில் மீன் பெட்டியோடு வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து, மாமனும் மருமகனும் றோட்டோரத்தில் வாய்ச்சண்டை பிடிக்கிற காட்சியைக் கண்ணாரப் பார்த்துவிட்டுப் போனார். இது அந்திக்கு முன் நிலாவெளி முழுக்கப் போய்விடும். அசனா வெட்கப்பட்டிருக்க வேண்டும். அவள் மணலில் அப்படியே இருந்துவிட்டாள். கண்ணீர் வந்துகொண்டே இருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள், அவளிடம் யாரும் எதையும் கேட்கச் சொல்லவில்லை.

புகை அடங்கியது. முனீபைப் புதுப் பெயாரிங் வாங்கி வரச் சிவகுருநாதனின் கடைக்கு அனுப்பினார் அபூதாஹிர். யப்பான், தகரம் என்ற கதையே எடுக்கவில்லை. ஜக்கை இன்பாஸ் வைத்தான். வைத்த இடம் பிழை என்று மாமா ஏசினார், மணலுக்கு அதுதான் சரி என்று மருமகன் திருப்பிச் சொன்னான். கடைசியில் ஒரு பலகைத் துண்டைத் தேடிப்பிடித்துக் கீழே கொடுத்துக் காரைத் தூக்கினார்கள்.

சில்லுக்கு முன்னால் முழங்காலை ஊன்ற வேண்டியிருந்தது. மணல் நெருப்பாய்ச் சுட்டது. அபூதாஹிர் சுற்றும்முற்றும் பார்த்தார். எழும்பிப் போய்ப் பின்சீற்றிலிருந்த துணிப்பையை இழுத்தெடுத்து, கொண்டுவந்து மணலில் போட்டு, அதன் மேல் முழங்காலை ஊன்றினார். ஹப் மூடியைத் தட்டிக் கழற்றியதும் உருகிக் கிடந்த கறுத்த கிறீஸ் வழிந்து பையின் மேல் ஊற்றியது. அவர் நகரவில்லை. கையையும் அதிலேயே துடைத்தார்.

"மாமா, அது என்ட உடுப்பு" என்றான் இன்பாஸ்.

"தெரியும். ஸ்பேனர எடு."

அவன் சுடாத கையால் எடுத்துக் கொடுத்தான்.